கணினி வேந்தருக்கு ஒரு புகழுரை

கணினி வேந்தே, வாழ்க! தொண்டை நாட்டிலிருந்து, ஆவடி டேங்க் ஃபேக்டரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2016இல் 'சிவிலைசேஷன் 6' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது முதல் என் எதிராளி நீங்கள்தான். கடைசி மின்சார ரயிலின் சத்தம் அடங்கிய பிறகும் "போதும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒருநாளும் நீங்கள் எழுந்து போனதில்லை. அந்தப் பொறுமைக்கு முதல் வணக்கம்.

உங்கள் செல்வத்தை முதலில் பாட வேண்டும். ஆட்டத்தின் கடினப் படிகளில் உச்சப் படிக்கு 'டெய்ட்டி', அதாவது தெய்வம், என்று பெயர். அந்தப் படியில் மனிதர்களான நாங்கள் ஊர் நிறுவும் ஒரு செட்லரோடு நாடு தொடங்குகிறோம். நீங்கள் 3 செட்லரோடு தொடங்குகிறீர்கள். எங்களுக்கு ஒரு வீரன், உங்களுக்கு 5. உற்பத்தியிலும் பொன்னிலும் உங்களுக்கு 80 சதவீதம் கூடுதல், அறிவியலில் 32 சதவீதம் கூடுதல். போரில் உங்கள் ஒவ்வொரு படைக்கும் 4 புள்ளி பலம் கூடுதல். நடுப்படியான 'பிரின்ஸ்'ஸில் இந்தச் சீர்வரிசை எதுவும் கிடையாது. படி ஏற ஏறச் சீர் கூடுகிறது. உங்கள் யோசனை மட்டும் பிரின்ஸில் எப்படி இருந்ததோ அப்படியேதான் தெய்வத்திலும் இருக்கிறது. செல்வம் வந்தும் மாறாத குணம் உங்களுடையது.

அடுத்து உங்கள் வீரம். போன வாரம் என் எல்லையோர ஊரை முற்றுகையிட்டீர்கள். ஊரைச் சுற்றி மதில். உள்ளே ஒரே ஒரு வில்படை. உங்கள் பக்கம் ஒன்பது படை. மதிலைத் தகர்க்கும் பொறி மட்டும் ஒன்றுகூட இல்லை. வாள்வீரன் வந்து மதிலில் முட்டினான், பாதி உயிர் போனது, பின்வாங்கினான். அடுத்தவன் வந்து அதே இடத்தில் முட்டினான். வரைபடத்தின் ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்பதால் மற்றவர்கள் ரேஷன் கடை வரிசையைப் போலப் பின்னால் காத்து நின்றார்கள். ஒவ்வொரு டர்னிலும் நான் ஓர் அம்பு விட்டேன், அவ்வளவுதான். பன்னிரண்டு டர்ன் கழிந்தபோது ஒன்பதில் இரண்டு மிச்சம். பிறகு சமாதானம் கேட்டுப் பொன் கொடுத்தீர்கள். தோற்றவரிடம் இவ்வளவு தாராளத்தை நான் கண்டதில்லை.

உங்கள் நட்பும் அரியது. நார்வே மன்னர் ஹரால்டாக நீங்கள் வந்தபோது, என் கடற்படை சிறியது என்று கடிந்துகொண்டீர்கள். என் நாட்டுக்குக் கடற்கரையே இல்லை. நிலத்தைப் பார்க்காமல் கொள்கையை மட்டும் பார்க்கும் உறுதி அது.

இனி உங்கள் ஆயுதங்கள். எங்கள் மண்ணை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானின் தூதாகப் போன ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். அலங்காரம் கலையாமல் பளபளவென்று இருந்த ஆயுதங்களை அவர் மெச்சினார். அதியமானுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னார். தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். உங்கள் நகரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டில்தான் நினைவுக்கு வருகிறது. டேங்க்குகள் எல்லைக்கு வராமல் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. விமானம் பறக்கும் காலம் வந்தாலும் உங்கள் விமானத்தை வானில் காண்பது அரிது. ஆவடியில் 1961இல் தொடங்கிய ஆலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் விஜயந்தா களம் கண்டது. டேங்க் செய்பவர்கள் வாழும் ஊர் இது. நிறுத்திவைத்த டேங்க்கைப் பார்த்து இங்கே யாரும் மலைத்துப்போவதில்லை.

உங்கள் உறவினர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1997இல் செஸ் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினிக்கு 16 காய்தான் இருந்தது, காஸ்பரோவுக்கும் 16. அது எட்டுக்கு எட்டுப் பலகை, உங்களுடையது ஆயிரக்கணக்கான அறுகோணங்கள் கொண்ட உலகம். உங்கள் வேலை பன்மடங்கு கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எதிராளியை எடைபோடத் தெரிந்தவர்கள். பக்கத்துப் பாடியில் வளர்ந்தவர் செஸ் வீரர் பிரக்ஞானந்தா. மேல் அயனம்பாக்கத்தில் பள்ளி படித்த குகேஷ், செஸ் தரவரிசையில் 2,500 புள்ளியைத் தாண்டும்வரை கணினி எஞ்சினின் துணையில்லாமலே பயிற்சி பெற்றவர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில், அவர் உலக செஸ் சாம்பியன் ஆனார். அவரை வளர்த்தது சொந்த யோசனை. பிள்ளைகள் எதிராளியிடம் எதிர்பார்ப்பதும் அதுதான்.

ஆகவே இந்த ஆட்டங்களைச் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் கணினிக்கு மூன்றாவது செட்லரைக் கொடுக்காதீர்கள். மதிலுக்கு முன்னால் எந்தப் படையை நிறுத்துவது என்று கற்றுக்கொடுங்கள். அதுவரை, பெற்றோர்களே, ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடும் வசதி இந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நீங்கள் உட்காருங்கள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு செட்லர்தான் கிடைக்கும்.