தொட்டுப் பார்த்தாங்களாலே?

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் முதலில் டி.வி. வந்தது சங்கு குளிக்கிற மாமா வீட்டுக்குத்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி. முன்னால் இழுத்து மூடுகிற மரக்கதவு. ஆன்டெனாவுக்கு இரும்புக் குழாய் வாங்கக் காசில்லை. ஓட்டை விழுந்து கரையேற்றிப் போட்டிருந்த வள்ளத்தின் பாய்மரத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டார்கள். அதன் உச்சியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் முனகும், உள்ளே படமும் சேர்ந்து ஆடும். நான் மரத்தைப் பிடித்துத் திருப்புவேன். வாசலில் நிற்கிறவன், “வந்துட்டு, வந்துட்டு... ஐயோ, போச்சிலே!” என்று கத்துவான். நான் பார்த்த நிகழ்ச்சிகளில் பாதியை அந்தக் கத்தலில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவில் இருந்தது. வடமேற்கே கொடைக்கானல், தூர்தர்ஷன் அங்கிருந்து வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் பிதுருதலாகல. 2,524 மீட்டர் உயரம். 1982-இல் தொடங்கிய ரூபவாஹினி அங்கிருந்து வந்தது. காற்று அசையாத புழுக்கமான ராத்திரிகளில் கடலுக்கு மேலே சூடான காற்று ஓர் அடுக்காகப் படிந்துவிடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே டி.வி. அலைகள் குழாயில் ஓடுவதுபோல் வெகுதூரம் ஓடிவரும். இதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், அந்த மாதிரி ராத்திரிகளில் சென்னைச் செய்தி வாசிப்பவரின் நெற்றிக்குள் சிங்களப் பெண் ஒருத்தி சிரிப்பாள் என்பதுதான்.

அந்தப் பெட்டியில்தான் ‘என் இனிய இயந்திரா’ பார்த்தோம். சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. தூர்தர்ஷன் அதைத் தொடராக்கியிருந்தது. சிவரஞ்சனி நிலாவாக நடித்தார். கதை நடப்பது 2021-இல். குழந்தை பெறக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பெயர்கள் எல்லாம் இரண்டெழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. ஜீனோ என்று ஓர் இயந்திர நாய், அது புத்தகம் படிக்கும். நாட்டை ஆள்கிறவன் ஜீவா. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவியும் மனோவும் ஜீவாவைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு எதிர்காலமும் இயந்திரமும் பெரிய விஷயமாகப் படவில்லை. சிபிக்கு என்ன ஆச்சு? அது ஒன்றுதான் கேள்வி. காணாமல் போனவன் செத்தான் என்று கடற்கரையில் யாரும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். உடம்பு கரை ஒதுங்க வேண்டும். அதுவரைக்கும் காத்திருப்பதுதான் வழக்கம். அதனால் அலசு அலசென்று அலசினார்கள் கதையை. வலை பொத்துகிற இடத்தில், மீன் ஏலக் கூடத்தில், தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் விசாரணை நடந்தது. ரவி மேல் பாதித் தெருவுக்குச் சந்தேகம். அத்தைக்கு ஜீனோ மேல் சந்தேகம். “நாய் எதுக்குப் புஸ்தகம் படிக்கணும்?” என்று கேட்பாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

மாமா மட்டும் வாய் திறக்காமல் பார்ப்பார். ஆழத்தில் இறங்கி இறங்கி ஒரு காது மந்தம். பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, நல்ல காதைத் திரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்காருவார். ஒரு வாரம் தொடர் முடிந்து கதவை இழுத்து மூடும்போது கேட்டார்:

“அந்த ஜீவாவ யாராவது தொட்டுப் பாத்தாங்களாலே?”

எனக்குப் புரியவில்லை. கையைக் காட்டிச் சொன்னார். கண்ணாடி போட்டு இறங்கினால் கீழே கிடப்பதெல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். மணல் கலங்கிவிட்டால் அதுவும் தெரியாது. சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும். கை வைத்துத் தடவி, அந்த வளைவு விரலில் பட்டால்தான் சங்கு. “கண்ணு பாத்தத கை பாக்கணும். இவன எல்லாரும் கும்புடுதானுவ. ஒருத்தனும் தொடல. ஆளே இல்லலே, வெறும் படம்.”

உண்மை தெரியவேண்டிய அந்த வாரம் ஊரே மாமா வீட்டில் இருந்தது. இலை அசையவில்லை. நான் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். முக்கியமான இடத்தில் கொழும்பு மேலே ஏறிக்கொண்டது. நிலாவின் முகத்துக்கு மேல் ஒரு வயலின் கச்சேரி. எவ்வளவு திருப்பியும் இறங்கவில்லை. ஜீவா என்ன ஆனான் என்று தெரியாமலே எங்கள் தெரு தூங்கப் போயிற்று.

சில வருஷம் கழித்து நூலகத்தில் அந்த நாவலைப் படித்தேன். ஜீவா மனிதனே இல்லை. ஒளியால் செய்த முப்பரிமாண பிம்பம். நூலகத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் எழுந்து நின்றுவிட்டேன். விஞ்ஞானம் படித்த ஒருவர் மாதக்கணக்கில் மறைத்துவைத்த முடிச்சை, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத எங்கள் மாமா கைவிரலால் அவிழ்த்திருந்தார்.

இப்போது அக்கா மகன் கைப்பேசியில் பழைய ‘ஸ்டார் டிரெக்’ பார்க்கிறான். போன மாதம் எனக்கு ஒரு பகுதி காட்டினான், 1967-இல் வந்தது. ‘சைக்கோ’ நாவலை எழுதிய ராபர்ட் பிளாக் அதற்குக் கதை எழுதியிருக்கிறார். வேற்றுக்கிரகத்தில் பெண்கள் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கப்பலின் பொறியாளர் ஸ்காட்டிதான் பக்கத்தில் நிற்கிறார், கையில் கத்தி. கடைசியில் பார்த்தால் கொலைகாரனுக்கு உடம்பே கிடையாது. ஆள் விட்டு ஆள் பாய்கிற ஒரு சக்தி; லண்டனில் ‘ஜாக் தி ரிப்பர்’ ஆக இருந்ததும் அதுதானாம். கப்பலின் கணிப்பொறிக்குள் அது புகுந்துவிட, பை எண்ணின் கடைசி இலக்கம் வரை கணக்குப் போடச் சொல்லி அதை விரட்டுகிறார்கள். கடைசி இலக்கம் என்று ஒன்று இல்லையே! நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுஜாதாவின் முடிச்சு எனக்கு இதைவிடப் பெரியது. உடம்பில்லாத கொலைகாரனைப் பேய்க்கதையிலும் பார்க்கலாம். கொல்லப்போனால் அங்கே ஆளே இல்லை என்பது வேறு மாதிரியான பயம்.

அந்தப் பயம் எங்கள் ஊருக்குப் பழக்கமானது. தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அதே பெயர். கடைசியாக இங்கே முத்துக்குளித்தது 1961-இல். மாமாவுக்கு அப்போது பதினேழு வயது. கல்லில் கால் வைத்து இறங்கினார். மேலே அவர் மச்சான் கயிறு பிடித்தார். அதற்குப் பிறகு பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், சிப்பி முன்போல் விளையவில்லை. தொலாயிரம் பார் என்கிற பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, முத்துதான் இல்லை. சந்தேகப்படவும் நிறையப் பேர் உண்டு. குஞ்சுச் சிப்பியை மூடி மூச்சடைக்க வைக்கும் சூரன் சிப்பி, சிப்பியை உடைத்துத் தின்னும் திருக்கையும் கிளாத்தியும், அடித்தரையை வாரும் இழுவை மடி, பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கு விற்ற காலம். அப்படி வெட்டி வெட்டித்தான் விலாங்குச்சல்லித் தீவே தண்ணீருக்குள் போனது. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே செயற்கை முறையில் முத்து விளைவித்தார்கள், 1981-இல் குஞ்சுச் சிப்பியைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். அது சின்ன சாதனை இல்லை. மாமாவைக் கேட்டால், “தொட்டியில சரி. பாருல?” என்பார்.

2021 வந்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்த வருஷம். ஊரடங்கில் பக்கத்து மாவட்டத்துக்குப் போக இ-பாஸ். எல்லோருக்கும் ஓர் எண். மாமாவுக்கு எழுபத்தேழு வயது. சங்குக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு பதிவுக்காக அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கைரேகைக் கருவியில் வலது கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. துடைத்து வைத்தார். இடது கை, ஆள்காட்டி விரல், பத்து விரலும் வைத்தார். உப்பும் கயிறும் சங்கின் ஓரமும் எல்லா ரேகையையும் தேய்த்துவிட்டிருந்தன. அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், “தாத்தா, உங்க கை விழ மாட்டேங்குது. இன்னொரு நாள் வாங்க.”

திரும்பி வரும்போது கடலோரம் வள்ளங்கள் கட்டியிருக்கும் இடத்தில் உட்கார்ந்தோம். கைப்பேசியை எடுத்து, நாவலின் கடைசிப் பக்கங்களை நல்ல காதுப் பக்கமாக வாசித்தேன். கொழும்பு தின்றுவிட்ட அந்த வாரத்தை முப்பது வருஷம் கழித்துக் கேட்டார். ஜீவா பிம்பம் என்று வந்த இடத்தில் தலையை மட்டும் ஆட்டினார்.

“நான் சொன்னம்லா?”

“சொன்னிய மாமா.”

அப்புறம் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, எழுத்து ஓடிக்கொண்டிருந்த திரையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியில் வட்டமாக ஓர் ஈரத்தடம் இருந்தது. அதற்குள் ஒரு கோடுகூட இல்லை.