வீட்டோடு வெளிக்கிடுவது எப்படி

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்குத் தேர் இழுக்கும் கோடைகாலம் நெருங்க, லண்டனில் ஏதாவதொரு தமிழ் வீட்டில் இந்தப் பேச்சு எழும்பும்: “பிளைட்டுக்கும் ஹோட்டலுக்கும் குடுக்கிற காசுக்கு ஒரு மோட்டர்ஹோம் எடுத்தால் என்ன?” எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இந்தக் கையேடு. எழுதுபவனின் தகுதி: எடுத்தவன், கலேயில் ஓரங்கட்டப்பட்டவன்.

முதல் வேலையாக, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று குடும்பத்தில் மூத்த ஒருவரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. எந்தப் பத்திரத்தைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “போனமுறை நான் போகேக்கை ஒருத்தரும் கேக்கேல்லை.” அவர் போனமுறை போனது 2004இல். இடையில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே வெளியேறிவிட்டது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. வெளியேற வேண்டும் என்று வாக்குப் போட்டதே அவர்தான்.

அடுத்து, உங்களிடம் இருப்பது வீடா வாகனமா என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அந்த உரிமை உங்களுக்கு இல்லை. மலிவாக ஒரு வெள்ளை வானை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் பூட்டி, ‘இது மோட்டர்ஹோம்’ என்று லொக்புக்கை மாற்றித் தரும்படி வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.க்கு எழுதினால், அவர்கள் வெளிப்புறப் படங்களையும் கேட்பார்கள். ஒரு பக்கத்திலாவது இரண்டு யன்னல் இருக்கிறதா? தனிக் கதவு இருக்கிறதா? கூரை உயர்ந்திருக்கிறதா? வெயில் மறைப்பு விரிக்கும் தடி உண்டா? இரண்டு பக்கமும் மோட்டர்ஹோம்களில் இருக்கிற மாதிரிக் கோடும் வளைவும் ஒட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால், நீங்கள் உள்ளே படுத்து எழும்பிப் பால் காய்ச்சிக் குடித்தாலும் லொக்புக்கில் அது ‘யன்னல் வைத்த வான்’தான். கருவறையில் அம்மன் இருந்தாலும் மதிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்காவிட்டால் கோயில் இல்லை என்கிற மாதிரி. நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் பட்டையைப் பார்த்துத்தான் கும்பிடுகிறோம்.

லொக்புக் ஒன்று சொல்ல, இன்சூரன்ஸ் இன்னொன்று சொன்னால் பயணம் சுவாரசியமாக இருக்கும். அதனால் வாகனத்தில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் சரியான பாலிசி தந்துவிடுவார். பிறகு பயணத்தில் என்ன திகில் இருக்கிறது?

பாலிசியை வாசிக்கும் முறை இது. முதற்பக்கத்தில் ‘ஃபுல்லி கொம்ப்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடி வையுங்கள். உள்ளே போனால் மனது நோகும். பிரித்தானியாவில் எடுத்த எந்த வாகனப் பாலிசியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டம் கேட்கிற குறைந்தபட்சக் காப்பைத் தரும், அதாவது மூன்றாம் ஆளுக்கு நீங்கள் செய்கிற சேதத்துக்கு. அந்தக் குறைந்தபட்சத்தோடே நின்றுவிடுகிற பாலிசிகளும் உண்டு. பிரான்சில் ஒருவருடைய மதிலை இடித்தால் மதிலுக்குக் காசு வரும். இடித்த உங்கள் வீட்டுக்கு வராது. முழுக் காப்பையும் கடல் தாண்டிக் கொண்டுபோக விடுகிற பாலிசியிலும், ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்று எங்காவது ஒரு மூலையில் எழுதியிருக்கும். நாள் முடிந்த பிறகு ஸ்பெயினில் வெயில் நல்லாய் இருக்கிறது என்று நின்றுவிட்டால், வெயிலுக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பில்லை.

வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு உபரி இன்பம்: கூரைக்கு வருகிற சேதத்தைப் பல வாடகை ஒப்பந்தங்கள் உங்கள் தலையிலேயே கட்டிவிடும். மூன்று மீற்றர் உயரமான வீட்டை ஓட்டுகிறோம் என்ற நினைப்பு, சூப்பர்மார்க்கெட் தரிப்பிடத்து இரும்புச் சட்டத்தைத் தொடும்வரை எவருக்கும் வருவதில்லை. உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டி வைக்கலாம். சித்தப்பா அந்த இடத்தில் பிள்ளையார் ஒட்டியிருந்தார்.

நகைக்கு வருவோம். தேர் அன்றைக்குச் சித்தி கொடி போடாமல் வருவாவா? கொடி, காப்பு, பதக்கம் சங்கிலி எல்லாம் மோட்டர்ஹோமின் கட்டிலுக்குக் கீழே, அரிசிக்குள் வரும். அது காணாமற்போனால் இரண்டு இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு இன்சூரன்ஸ்காரர், ‘ஆளில்லாத வாகனத்தில் வைத்த நகைக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்கிற வரியைக் காட்டுவார். வாகன இன்சூரன்ஸ்காரர், ‘நகையும் காசும் நீங்கலாக’ என்கிற வரியைக் காட்டுவார். ஒருவருக்கு அது வாகனம், மற்றவருக்கு அது வீட்டுச் சாமான். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், வரிகள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றன.

இப்போது நிறை. எங்கள் ஆட்கள் பத்திரத்தை மறந்தாலும் மறப்பார்கள், சாமான் மறக்க மாட்டார்கள். சாதாரண லைசன்ஸுக்கு, ஆட்களும் சாமானும் சேர்ந்து 3,500 கிலோ வரை அனுமதியுள்ள வாகனம்தான் ஓட்டலாம். வாகனத்தின் சொந்த நிறை போக 400 கிலோ மிச்சம் என்று வையுங்கள். 100 லீற்றர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ அதிலேயே போய்விடும். மிச்சம் முந்நூறுக்குள் சித்தப்பா, சித்தி, பிள்ளைகள், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, கிரைண்டர், தேரடியில் விரிக்கும் பாய், ஹம்மில் இருக்கிற சித்தியின் தங்கைக்கு மிளகாய்த்தூள். கிரைண்டர் எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். “அங்கை போய்த் தோசைக்கு எங்கை போறது?” ஏற்றி முடித்த பிறகு எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுக்காதீர்கள். நிறுத்தால் எண் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிற வரைக்கும் அது பொலிஸ்காரருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் இடையிலான விஷயம்.

சரி, பெரிய வாகனமே எடுப்போம் என்கிறீர்களா? 4,000 கிலோ அனுமதியுள்ளதை எடுத்தால் சி1 பிரிவு லைசன்ஸ் வேண்டும். 1997 ஜனவரி 1க்கு முன்னர் கார் ஓட்டப் பாஸ் பண்ணியவர்களுக்கு அது தானாகவே இருக்கிறது, 7,500 கிலோ வரை. லண்டனில் பிறந்து, 2010இல் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிய எனக்கு இல்லை. 1994இல் நாலாவது தடவையில் பாஸ் பண்ணிய சித்தப்பாவுக்கு இருந்தது. ஆனால் அவருக்குப் போன மாசி மாதம் எழுபது முடிந்தது. எழுபதில் அந்த உரிமை போய்விடும். வைத்திருக்க வேண்டுமென்றால் மருத்துவர் நிரப்பித் தரும் படிவம் வேண்டும். சித்தப்பா மருத்துவரிடம் போகமாட்டார். போனால் சீனி கூடியிருக்கிறது என்று சொல்லிப்போடுவாராம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயம் வாங்குங்கள். பிளாஸ்டிக் அட்டை லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தேவையில்லை, ஆகவே மன அமைதிக்கு மிகவும் உகந்தது. விலை ஐந்தரைப் பவுண். மூன்று ஒப்பந்தங்களின் பெயரில் மூன்று வகை: 1926, 1949, 1968. முன்பு தபாற்கந்தோரில் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் இருந்து பேபொயின்ட் உள்ள கடைகளில். அதாவது மூலைக்கடையில், பால் வாங்குகிற இடத்தில், பல இடங்களில் எங்கட ஆட்களின் கையால். எனக்குத் தந்த அண்ணை படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தேருக்கோ?” என்று கேட்டார். ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று இவ்வளவு அன்பாக எங்கும் கையாளப்பட்டிராது.

வெளிநாட்டில் வாகன இன்சூரன்ஸைக் காட்டும் கிரீன் கார்ட் பற்றிச் சித்தப்பா கவலைப்பட்டதே இல்லை, அவருடைய ஒரே சரியான ஊகம் அது. 2021 ஓகஸ்ட் 2இல் இருந்து பிரித்தானிய வாகனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தேவையில்லை. துருக்கிக்கோ மொறோக்கோவுக்கோ போனால் வேண்டும். அது பச்சையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் அச்சடித்தாலும் கிரீன் கார்ட்தான். ஸ்டிக்கர் வேறு கதை. பின்பக்கத்தில் ‘ஜி.பி.’ என்று முட்டை வடிவத்தில் ஒட்டியிருக்கிறதே, அது 2021 செப்டெம்பர் 28இல் காலாவதியாகி ‘யு.கே.’ ஆகிவிட்டது. பழையதை உரிக்காமல் பக்கத்தில் புதியதை ஒட்டினால் இரண்டு நாட்டு வாகனம் மாதிரி இருக்கும். நாங்கள் அப்படித்தான் போனோம்.

டோவரில் கப்பல் ஏறுமுன்னரே பிரான்ஸ் வந்துவிடும். பிரெஞ்சு அதிகாரிகள் ஆங்கில மண்ணில் கூண்டு போட்டு இருந்து கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளே நுழைகிற நாளில் பத்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, வெளியேறுகிற நாளில் மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் இருக்கிற மாமிக்கு ஷெங்கன் வீசா வேண்டும். அதற்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பு காட்ட வேண்டும். ஆக, வாகனத்துக்கு ஒரு இன்சூரன்ஸ், மாமிக்கு ஒரு இன்சூரன்ஸ். மாமியின் பாலிசியில்தான் நாள் கணக்கு தெளிவாக இருந்தது.

கலேயில் எங்களை ஓரங்கட்டியது இவை எதற்காகவும் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்காக. நீங்கள் வீட்டோடு வந்தாலும் சமையலறை எல்லை தாண்டுகிறது, எல்லையில் அது சமையலறை இல்லை, இறக்குமதி. பிரித்தானியாவில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோகக் கூடாது. சித்தி இரவிரவாகச் செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டல் தொட்டியில் விழுந்தது. தயிர் விழுந்தது. நெய் விழும்போது சித்தி மறுபக்கம் திரும்பிவிட்டா. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வந்ததால் அவையும் போயின. ஆனால் அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கும் சான்றிதழ் தேவையில்லை. அர்ச்சனைத் தட்டு அப்படியே தப்பியது. மீனுக்கும் தடையில்லை, ஆளுக்கு 20 கிலோ வரை. தாளில் சுற்றியிருந்த கருவாட்டை அதிகாரி பிரித்தார், முகர்ந்தார், மிக வேகமாகத் திரும்பத் தந்தார். தேருக்கு விரதம் இருக்கிற வீட்டில் கருவாடு எப்படி வந்தது என்ற விசாரணை பெல்ஜியம் வரைக்கும் நடந்தது.

கடைசியாக, விபத்து. ஐரோப்பாவில் இரண்டு வாகனம் முட்டினால் இரண்டு ஓட்டுநரும் சேர்ந்து நிரப்புகிற ஒரு பொதுப் படிவம் உண்டு. எந்த மொழியில் அச்சடித்தாலும் கட்டங்களின் எண் ஒன்றுதான், ஆகவே பக்கத்தில் ஆங்கிலப் படிவம் இருந்தால் எதிராளியின் படிவமும் விளங்கும். விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். பதின்மூன்றாம் கட்டத்தில் படம் வரைய வேண்டும். பெல்ஜியத்தில் ஒரு தரிப்பிடத்தில் சித்தப்பா பின்னுக்கு எடுக்க, எங்கள் பின்பக்கம் ஒரு காரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. எதிராளி இரண்டு பெட்டியும் ஒரு அம்புக்குறியும் போட்டு அரை நிமிடத்தில் முடித்தார். சித்தப்பா பேனாவை வாங்கி எங்கள் பெட்டிக்கு யன்னல் வைத்தார், திரைச்சீலை போட்டார், கூரையில் ஒரு குழாய் வைத்து அதிலிருந்து புகையும் விட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு இன்சூரன்ஸில் இருந்து ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாக எடுத்தாள். படத்தில் புகை வருகிறதே, வாகனம் தீப்பிடித்ததா என்று கேட்டாள்.

“சீச்சீ, தீயெல்லாம் இல்லைப் பிள்ளை,” என்றார் சித்தப்பா. “நான் பின்னுக்கு எடுக்கேக்கை மனிசி தோசை சுட்டுக்கொண்டு இருந்தவ.”

மற்றப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.