வன்னியின் இரும்புக் காலம்

போன மாசி மாதம் லண்டன் மச்சான் வாட்ஸ்அப்பில் எடுத்தான். அவன் தொப்பி, மப்ளர், இரண்டு சுவெற்றரோடு சோபாவில் இருந்தான். நான் கிளிநொச்சியில் வெறும் மேலோடு விசிறிக்கு முன்னால் இருந்தேன்.

"மச்சான், இஞ்ச வீட்டைச் சூடாக்கக் கவுண்மென்ற் 7,500 பவுண் தருது. ஹீட் பம்ப் பூட்ட வேணும். பேப்பர் வேலையிலதான் சீவன் போகுது."

"காசு குடுத்தோ சூடாக்கிறாங்கள்? இஞ்ச சும்மாவே சூடாக்கித் தாறாங்களடா."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அரசன் பண்டாரவன்னியனில் தொடங்கி வன்னியின் வரலாற்றை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். வன்னி வீடுகள் எப்படிச் சூடாகின என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தப் பெருங்குறையை இத்தால் தீர்த்து வைக்கிறேன்.

முதலாவது, மண் காலம். சுவர் மண். கூரை கிடுகு, இல்லையென்றால் பனையோலை. நிலம் சாணகத்தால் மெழுகியது. குசினி தனியாகத் தள்ளி இருக்கும். நெருப்பும் படுக்கையும் ஒரே கூரைக்குள் இருக்கக்கூடாது என்பது பாட்டன் பூட்டன் போட்ட கட்டடச் சட்டம். அதற்கு வர்த்தமானி இல்லை, மீறினால் வீடு எரியும், அவ்வளவுதான். சூடு தேவைப்பட்டது மார்கழிப் பனியில் வயல் காவலுக்குப் போனவருக்கு மட்டுமே. யானைக்கும் பன்றிக்கும் பயம் காட்ட மூட்டிய நெருப்பிலேயே அவரும் குளிர் காய்ந்தார். விறகுக்கு மானியம் தந்தது காடு. வெயிலின் சூட்டுக்கு மீற்றரே கிடையாது. நெல்லும் ஒடியலும் கருவாடும் மோர்மிளகாயும் அதில்தான் காய்ந்தன. இன்றைக்கும் அறுவடைக் காலத்தில் வந்து பாருங்கள், வன்னியின் மிகப் பெரிய சூரிய உலர்த்தி தார் றோட்டுத்தான். ஒரு பக்கம் நெல், மற்றப் பக்கம் பஸ்.

இரண்டாவது, சிக்கன விளக்குக் காலம். 1990 ஆனியில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டது. மின்சாரம் போனது. பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் மருந்து போலத் துளிக்கணக்கில் புழங்கியது. அப்போது பிறந்ததுதான் சிக்கன விளக்கு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைய மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வு கட்டைக்குள்ளால் நூல் திரி. அதன் வெளிச்சத்தில் படித்து டொக்டரானவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி போட்டவர்கள் அதைவிடக் கூட. 1992 ஆனியில் உலகத் தலைவர்கள் றியோ டி ஜெனீரோவில் கூடி, பூமியைக் காப்பாற்றுவது எப்படி என்று யோசித்தார்கள். எரிபொருளைக் குறைப்பது எப்படி என்று வன்னியைக் கேட்டிருந்தால் ஒரு ஜாம் போத்தலைக் கொடுத்து விட்டிருப்போம்.

ரேடியோவுக்கும் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, வீட்டில் ஆகக் கடைசிப் பொடியனைப் பெடல் சுற்ற விடுவார்கள். பொடியன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். புதுப்பிக்கத்தக்க சக்தி என்றால் என்ன என்று இப்போது பாடப்புத்தகத்தில் விளக்குகிறார்கள். அந்தக் காலத்தில் அதற்குப் பேர் "தம்பி".

2002 தையில் தடை நீங்கியது. நாலு வருடம் ஐஸ் பழம் குடித்தோம். 2006 ஆவணியில் ஏ9 பாதை மறுபடி மூடியது. அதற்குப் பிறகு வந்தது பங்கர் காலம். லண்டனில் நிலத்தைத் தோண்டிக் குழாய் பதித்து, அடியில் இருக்கும் சூட்டை வீட்டுக்குள் எடுக்கும் முறையும் உண்டாம். அதற்கும் அதே 7,500 பவுண். கிடங்கு வெட்டுவதில் எங்களுக்கு நிகர் உலகத்தில் இல்லை. நாங்கள் வெட்டியது சூட்டுக்கு அல்ல. ஆனாலும் சொல்ல வேண்டும், வன்னி மண்ணில் ஆகக் குளிர்ச்சியான இடம் அதுதான். அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தவர் எவரும் அதைத் திரும்பக் கேட்டதில்லை.

2009 இல் தறப்பாள் காலம் தொடங்கியது. அரசாங்கம் செலவு செய்து எங்களைச் சூடாக்கிய முதல் திட்டம் இதுதான். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், சண்டையில் இடம்பெயர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடாரங்களில். காட்டை வழித்துத் துடைத்த வெளி, நிழலுக்கு ஒரு பாலை மரம்கூட மிச்சமில்லை. உள்ளே இருந்தால் அவியல், வெளியே இருந்தால் பொரியல். முகாமை ஒரேயடியாக மூட 2012 புரட்டாதி ஆனது.

வெளியே வந்தவர்களுக்குத் தகரக் காலம். மீள்குடியேற்றம் என்றால் பன்னிரண்டு தகரம் என்பது வன்னியில் வாய்ப்பாடு மாதிரி. ஐ.நா. அகதிகள் நிறுவனம் குடும்பத்துக்கு 25,000 ரூபா கொடுத்தது. தகரத்தின் தொழில்நுட்பம் மிக எளிது. வெளியில் உள்ள சூட்டை இழுத்து உள்ளே விடும். மச்சானின் ஹீட் பம்பும் அதைத்தானே செய்கிறது? எங்கள் தகரத்துக்கு மின்சாரமும் தேவையில்லை, அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கும் தேவையில்லை. பத்து மணிக்கு வேலை தொடங்கும், நாலு மணிவரை ஓய்வில்லை. மழை வந்தால் பாட்டும் பாடும்.

பிறகு கற்காலம், அதாவது கல்வீட்டுக் காலம். இந்தியா 50,000 வீட்டுக்குக் காசு தருகிறேன் என்றது. புது வீட்டுக்கு 5,50,000 ரூபா. வீட்டுக்காரரே கட்ட வேண்டும், காசு கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். அத்திவாரம் போட்டால் ஒரு துண்டு, சுவர் எழும்பினால் இன்னொரு துண்டு. இந்தக் காலத்தில்தான் வன்னி மக்கள் புள்ளி என்பதைப் படித்தார்கள். பிள்ளைகள் கூட இருந்தால் புள்ளி கூட. நேற்றுக் கலியாணம் கட்டிய சோடிக்குப் புள்ளி குறைவு. "முதல் பிள்ளையைப் பெறு, பிறகு வீடு" என்றது திட்டம். "முதல் வீடு, பிறகுதான் பிள்ளை" என்றாள் பெண்சாதி. நடுவில் நின்ற விதானையார் தலையைச் சொறிந்தார். கூரை மட்டத்தில் காசு முடிய, தாலிக்கொடி அடைவு கடைக்குப் போனது. ஆனாலும் வீடு எழும்பியது. கல்லும் ஓடும் முதிரைக் கதவும். வியர்வை நாறினாலும் சொந்த வீடு.

உலக வரலாற்றில் கற்காலம் முடியத்தான் இரும்புக் காலம் வரும். இலங்கை அரசாங்கம் அந்த ஒழுங்கை மதித்தது. 2016 இல் இரும்பை அனுப்பப் பார்த்தது. வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள், ஆர்சிலர்மித்தல் கம்பனியின் பொருத்து வீடுகள், ஒன்று 21 லட்சம் ரூபா அளவில். இந்தியாக்காரன் தந்ததைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு காசு. தளபாடம் உண்டு, காஸ் அடுப்பும் உண்டு. பங்குனி வெயில் கொளுத்தும் ஊருக்கு இரும்புச் சுவர்! உள்ளே காஸ் எதற்கு, சுவரிலேயே தோசை சுடலாமே?

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. சுமந்திரன் எதிர்த்தார். விறகு அடுப்பில் சமைக்கிறவளுக்குப் புகைபோக்கி எங்கே என்று கேட்டார்கள். துரு பிடிக்காதா என்றார்கள். இதே காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்றார்கள். மீள்குடியேற்ற அமைச்சர் சுவாமிநாதன் அசையவில்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு சனம் தெருவில் நின்று "எங்களுக்கு இரும்புக் காலம் வேண்டாம், கற்காலமே தாருங்கள்" என்று கேட்டது மனித வரலாற்றில் வேறெங்கே நடந்திருக்கிறது? கடைசியில் கல் வென்றது. அந்த 65,000 எழும்பவே இல்லை. உலகத்தின் ஆகப் பெரிய வீடு சூடாக்கும் மானியத் திட்டம் இப்படியாகக் கருவிலேயே கலைந்தது.

வெள்ளைக்காரன் மட்டும் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம். வட அயர்லாந்தில் 2012 இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மரத்தூள் குச்சிகளை எரித்துக் கட்டடத்தைச் சூடாக்கினால் அரசாங்கம் காசு தரும். ஒரு பவுணுக்கு எரித்தால் 1.60 பவுண் திரும்ப வரும். உச்ச வரம்பு வைக்க மறந்து போனார்கள். பிறகென்ன? எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு இலாபம். வெறும் கொட்டகையைச் சூடாக்குகிறார்கள் என்று குற்றச்சாட்டு வந்தது. 2017 தையில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி விலக, ஆட்சி கவிழ்ந்து மூன்று வருடம் சட்டசபையே இயங்கவில்லை. எங்கள் ஊரில் அரசாங்கம் கவிழ எத்தனையோ காரணம் இருந்திருக்கிறது. கொட்டகைக்குச் சூடு பிடித்துக் கவிழ்ந்ததில்லை.

இதைப் பகிடியாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் இந்த இடத்தில் ஒருக்கால் நிறுத்துகிறேன். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் வந்தது. வன்னிக்குப் பழக்கமில்லாத குளிர். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெட்டவெளியில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. தறப்பாளாலும் தகரத்தாலும் எங்களைச் சூடாக்கி, இரும்பாலும் சூடாக்கப் பார்த்த நாட்டில், உண்மையாகவே சூடு தேவைப்பட்ட அந்த இரவில் ஒரு மாட்டுக்குத் தலைக்கு மேல் ஒரு தகரம் இல்லை. அங்கே ஆளில்லாக் கொட்டகைக்கு நெருப்பு, இங்கே கொட்டகையில்லா மாட்டுக்குப் பனி.

சரி, கடைசிக்கு வருவோம், அது சூரியக் காலம். 2016 புரட்டாதியில் "சூரியபல சங்கிராமய" தொடங்கியது. சங்கிராமம் என்றால் போர். வன்னிக்காரனுக்கு ஒன்றை விற்க வருகிறவன் அதற்குப் போர் என்று பேர் வைப்பானா? ஆனால் அப்போதைய கணக்கு நல்ல கணக்கு. கூரையில் தகடு பூட்டு, மிஞ்சும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்றுவிடு, முதல் 7 வருடம் யூனிற்றுக்கு 22 ரூபா, பிறகு 13 வருடம் 15.50. தகரத்துக்கு மேல் ஏறிய வெயில் முதல் தடவையாகச் சம்பளம் வாங்கியது.

2025 மாசி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் வந்த வினை என்றார் மின்சக்தி அமைச்சர். வன்னியில் தென்னந்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இதைக் கேட்டு ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இந்தச் சாதியின் கெட்டித்தனத்தை நாங்கள் எப்போதிருந்து சொல்லிவருகிறோம்! இரண்டு மாதம் கழிந்தது. சித்திரை வருடப் பிறப்பு விடுமுறைக்கு ஆலைகள் மூடியிருக்கும், மின்சாரம் மிஞ்சிப்போகும், ஆகவே 13 தொடக்கம் 21 வரை பின்னேரம் 3 மணிவரை கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவையுங்கள் என்று சபை கேட்டது. சித்திரை வெயிலை நிறுத்து என்று! பெற்றோலைத் தடுத்தார்கள், பற்றரியைத் தடுத்தார்கள், இந்தத் தடவை வெயிலுக்கே விடுமுறை. இம்முறை "தயவுசெய்து" என்று கேட்டார்கள், அந்தளவில் முன்னேற்றம்தான்.

எங்கள் வளவில் இப்போது திட்டத்தில் கிடைத்த கல்வீடு ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால், வேப்பமரத்துக்குக் கீழே, மண் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு கொட்டில். அம்மா கட்டியது. புள்ளியும் கேட்கவில்லை, துண்டு துண்டாகக் காசும் வரவில்லை. பங்குனி மத்தியானத்தில் குடும்பம் முழுக்கப் பாயோடு அங்கேதான். கல்வீட்டில் ரீவியும் பிரிஜ்ஜும் சாமிப் படமும் வசிக்கின்றன.

போன கிழமை கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். வீட்டைப் பார்த்து "நிரந்தர வீடு, ஒன்று" என்று எழுதினார். கொட்டிலைப் பார்த்து "தற்காலிகக் கொட்டில், ஒன்று" என்று எழுதினார்.

"இதில எதிலை இருக்கிறியள் அம்மா?"

"தற்காலிகத்திலைதான் தம்பி," என்றார் அம்மா. "நிரந்தரமா."