தகரப் பட்டையும் கம்பி நுனியும்: பெயரறியாக் கைக்கருவி ஒன்றனை அடையாளங்காணல்

ஆய்வுப் பொருளாவது, விரல் நீளத்தினும் சற்றே மிகுந்த தகரப் பட்டை. ஒரு முனை வெறுமையானது. மறுமுனை மடித்து நசுக்கப்பட்டு, அம்மடிப்பின் பிடியில் தலைமுடியினும் சிறிதே தடித்த எஃகுக் கம்பி ஒன்று அரிசிமணி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பட்டைக்குச் செங்குத்தாகக் கம்பி வளைந்திருப்பது சிறப்பாக நோக்கத்தக்கது. நுனியில் கரி.

கண்டெடுக்கப்பட்ட களம், சமையலறை மேசை இழுப்பறையின் கீழடுக்கு. உடன் கிடைத்தவை: உயிர்போன பேட்டரி, பூட்டில்லாச் சாவி, உருகி ஒட்டிய ரப்பர் பேண்டுகள், 25 பைசா நாணயம் ஒன்று. அந்நாணயம் 2011 ஜூன் 30 முதல் செல்லாக்காசு ஆனதால், இவ்வடுக்கு அதற்கு முற்பட்டது எனக் கொள்வதில் தடையில்லை.

இப்பொருளின் பயன் குறித்து வீட்டில் மூன்று கட்சிகள் நிலவின. ஃபோனிலிருந்து சிம் கார்டை வெளியே தள்ளும் ஊசியே இது என்பது இளையோர் துணிபு. அது பொருந்தாது. சிம் ஊசியின் கம்பி இதைவிடத் தடிமன். மேலும் சிம் கார்டைத் தள்ளுவதால் நுனியில் கரி ஏறாது. முள்வாங்கி, காதுக்குரும்பி எடுக்கும் கருவி ஆகிய இரண்டில் ஒன்று என்பது நடுவயதினர் கொள்கை. இக்கம்பியைக் காதுக்குள் விட்டுப் பார்க்க அவர்களில் ஒருவரும் முன்வராமையின் அக்கொள்கை தானே வீழ்ந்தது. சடங்குப் பொருளாகலாம் என்றது மூன்றாம் கட்சி. இன்னதென்று விளங்காத எதையும் சடங்கின் தலையில் கட்டிவிடுவது தொல்லியலில் பழகிப்போன வழி. ஆயினும் இக்கட்சியே உண்மைக்கு மிக அருகில் வந்தது என்பது பின்னர் விளங்கும்.

இந்நிலையில் வீட்டின் மூத்த தகவலாளர், கூடத்து நாற்காலியில் இருந்தபடியே, "ஸ்டவ் பின்னுடா அது. இதுகூடவா தெரியல?" என்றார். ஒருவர் வாய்மொழியை மட்டும் நம்பி முடிவுகட்டுவது ஆய்வு நெறியன்று. ஆகவே பரணிலிருந்த பித்தளை பம்ப் ஸ்டவ் இறக்கப்பட்டு, அதன் நிப்பிள் துளையில் கம்பி நுழைத்துப் பார்க்கப்பட்டது. அளவெடுத்தாற்போல் இறங்கிற்று. கம்பியின் வளைவுக்கும் காரணம் தெரிந்தது: துளை பர்னரின் நடுவில் மேல்நோக்கி இருக்கிறது, கை பக்கவாட்டில் இருந்துதான் வரமுடியும்.

இனிச் சடங்கு. பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணியில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துக. பர்னர் சூடேறும்வரை பொறுத்திருக்க. பின் பம்ப் அடிக்க. காற்றின் அழுத்தத்தால் மேலேறும் மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகி, நிப்பிள் வழியே பீய்ச்சியடித்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். சூட்டில் பிரியும் கரி நாளடைவில் அத்துளையை அடைக்கும். சுடர் விக்கும், மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியைக் கரியாக்கும். பின்னுக்கு வேலை அப்போதுதான். குத்தியெடுத்தால் ஸ்டவ் மறுபடி 'ஓ'வென்று இரையும். குத்துகையில் கம்பி உள்ளேயே முறிவதும் உண்டு. அன்றைக்குப் பழைய சோறுதான், நிப்பிள் மாற்றும்வரை.

கருவியின் தலையாய இயல்பு ஒன்று உண்டு: தேவைப்படும்போது கிடைக்காமை. காலண்டர் அட்டையின் பின்புறம், ஜன்னல் கட்டை, அஞ்சறைப்பெட்டி மூடி என எங்கும் இருக்கும். ஸ்டவ்வின் அருகில் மட்டும் இராது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றுக்கு மேல் வாங்கியிருப்பார்கள். எனவே இழுப்பறைகளில் இன்னும் கிடைக்கும்.

வரலாறு சுருக்கமானது. இவ்வகை அடுப்பை 1892இல் ஸ்வீடன் நாட்டில் ஆக்கியவர் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட்; அடுப்பின் பெயர் ப்ரைமஸ். 1911இல் அமுண்ட்சென் தென்துருவம் எட்டிய பயணத்திலும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடும் ப்ரைமஸ் சென்றது. பனியில் மண்ணெண்ணெய் கரி கக்காது என்று எவரும் சொன்னதில்லை. ஆதலின் பின்னும் சென்றே இருக்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. அடுப்புக்குக் கிடைத்த புகழில் பின்னுக்குப் பங்கு வரவில்லை.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியும் இக்கருவியின் காலத்ததே. பல வீடுகளில் ஸ்டவ் மருமகள்களைப் பார்த்து மட்டும் வெடித்தது. வரதட்சணை மரணத்துக்கென 1986இல் தனிச் சட்டப்பிரிவு கொண்டுவரப்பட்டதன் பின்னணியில் இத்தகைய தீக்காயச் சாவுகளும் உண்டு. அப்பழி நிப்பிள் அடைப்பின்மேல் விழத்தக்கதன்று. அது குறித்து நகையாடவும் இக்கட்டுரையில் இடமில்லை.

முடிபு: பொருள் ஸ்டவ் பின்னே. மூத்த தகவலாளருக்கு இம்முடிபு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. "அதான் அப்பவே சொன்னேனே" என்ற அவரது கருத்துரை பதிவுசெய்யப்பட்டது.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இழுப்பறையிலும் இப்படி ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்; இது இன்னது என்று ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். சிம் கார்டு எடுக்க மட்டும் பயன்படுத்த வேண்டாம். கம்பி ஃபோனுக்குள் முறிந்தால் அதற்கு நிப்பிள் மாற்ற ஆள் கிடையாது.