மூணாவது கெணத்துப் பேரு

மாப்ள, பேரப்பய பொறந்தான்னு கேட்டதும் வெத்தலப் பெட்டியத் தொறந்தேன். பேரக் கேட்டதும் மூடிட்டேன். ரெகொபோத்தாமுல்ல! மதுர ஜில்லாவுலயே ஒருத்தனுக்கும் இந்தப் பேரு கெடையாதுன்னு உன் பொண்டாட்டி தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. வீட்டு நெலையில பாத்திருக்கேன், ஜெபவீட்டுப் பலகையில பாத்திருக்கேன், ஷேர் ஆட்டோ முதுகுல கூடப் பாத்திருக்கேன். ஆட்டோ தாங்கும். அஞ்சு வயசுப் பய தாங்குவானா? பள்ளிக்கூடத்துல மொத நாளே "ரொக்கம் போச்சு"ன்னு கூப்புடுவாய்ங்க. உன் கைமாத்துக் கணக்கு தெரிஞ்ச ஊருல அந்தப் பேரு சட்டுன்னு ஒட்டிக்கிரும்.

ஊருப் பேர ஆளுக்கு வைக்கிறது தப்புன்னு நான் சொல்லல. கோயிலுக்குப் போறவுகளுக்குப் பழனி, சிதம்பரம், காசி, சோலைமலை. 1834ல அமெரிக்கன் மிஷன்காரவுக யாழ்ப்பாணத்துலருந்து மதுரைக்கு வந்து எறங்குன பெறகு நம்ம பக்கமும் வேதத்துப் பேருக பெருத்துச்சு: சாரோன், பெத்தேல், எபனேசர். எபனேசருங்கிறது பெலிஸ்தர ஓட்டிவிட்டுட்டுச் சாமுவேல் நட்டுவச்ச கல்லு. நாம கல்லு நட்டா சர்வேயருல்ல வர்றாரு! கம்பம் பக்கம் பிள்ளைகளுக்குப் பெரியாத்து அணையக் கட்டுனவரு பேரப் பென்னிகுயிக்குன்னு வைக்கிறாகல்ல, அதுவும் ஊருப் பேருதான். ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்து ஊரு, குயில் குன்றுன்னு அர்த்தமாம்.

உன் மகன் பேருக்கு அர்த்தம் விசாலம், தாராளமான எடம். நல்ல அர்த்தந்தான். ஆனா அது எப்பிடி வந்துச்சுன்னு ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்த எடுத்து வாசிச்சியா, இல்ல செல்லுல தேடி வச்சியா?

ஈசாக்கு பஞ்சம் பொழைக்கக் கேராருக்குப் போனான். வெதச்சான், அந்த வருசமே நூறு மடங்கு வெளஞ்சிருச்சு. வெளஞ்சா விடுவாய்ங்களா? அவுக அப்பன் ஆபிரகாம் காலத்துக் கெணத்தையெல்லாம் மண்ணப் போட்டுத் தூத்துவச்சிருந்தாய்ங்க. ராசா அபிமெலேக்கு, நீ எங்களுக்கு மேல பெரியாளாயிட்ட, கெளம்புன்னுட்டான். ஈசாக்கு பள்ளத்தாக்குல போயிக் கூடாரம் போட்டான். அப்பன் கெணறுகளத் தோண்டி, அப்பன் வச்ச பேரையே திரும்ப வச்சான். பெறகு புதுசா ஒண்ணு தோண்டுனா ஊத்துத் தண்ணி. கேரார் மேய்ப்பனுக வந்துட்டாய்ங்க, தண்ணி எங்களதுன்னு. வாக்குவாதம்னு அர்த்தம் வர்ற மாதிரி ஏசேக்குன்னு பேர வச்சுட்டு நகந்துட்டான். அடுத்ததுக்கும் சண்ட. அது சித்னா, பகைன்னு அர்த்தம். சாத்தாங்கிற பேரு மொளச்ச அதே வேருல மொளச்சது. அதையும் விட்டான். மூணாவதுக்கு ஒருத்தரும் சண்டைக்கு வரல. அதுக்கு வச்சதுதான் ரெகொபோத்.

தண்ணி கண்ட ரெண்டு கெணத்த விட்டுக் குடுத்தவன் வச்ச பேரு மாப்ள இது. நீ? கூட்டுக் கெணத்துல உனக்குக் கால் பங்கு. பங்காளி அவன் முறைக்கு மேல அரமணி நேரம் மோட்டார ஓட்டிட்டான்னு கோர்ட்டுக்குப் போனவன். கேசு நடக்கையிலயே கெணறு வத்திப்போச்சு; வாய்தா மட்டும் வத்தல. ரெகொபோத்துன்னு உன் வக்கீலு வீட்டு வாசல்ல எழுதுனாப் பொருத்தமா இருக்கும், அதுதான் மாடிக்கு மேல மாடியா விசாலமா வளருது. உன் பயலுக்கு ஏசேக்குன்னு வையி. ரெண்டாவது பொண்ணாப் பொறந்தாச் சித்னா. கேக்கச் சினிமாக்காரி பேராட்டம் இருக்கும், அர்த்தம் எவனுக்குத் தெரியப் போகுது?

உன்ன மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நம்ம சீமைத் தண்ணியே ஏசேக்குத் தண்ணிதான். 1886ல திருவிதாங்கூர்கிட்ட 999 வருசக் குத்தகை எழுதி, 1895ல பெரியாத்துத் தண்ணி மலையக் கொடஞ்ச சொரங்கத்து வழியா வைகைப் பக்கம் வந்துச்சு. அன்னைக்கு ரெகொபோத்துன்னு பேரு வச்சிருக்கலாம். பெறகு அணையில தண்ணி 136 அடியா 142 அடியான்னு ரெண்டு மாநிலமும் டெல்லிக்கு நடந்து, 2014ல சுப்ரீம் கோர்ட்டு 142 அடி தேக்கலாம்னு சொல்லியும் பேச்சு ஓயல. அதுல நாம ஈசாக்கு மாதிரி நகரவும் முடியாது. அவனுக்குக் கூடாரம், மடிச்சாக் கெளம்பலாம். மேலூரு வயல யாரு மடிக்கிறது?

விசாலங்கிற வேருல வந்த மத்த ஆளுகளையும் விசாரிச்சுக்க. எரிகோவுல ராகாப், பேரு விசாலம், வீடு மதில் சுவத்துமேல. மோசேயோட பேரன் ரெகபியா. அவுக அப்பனுக்கு அவன் ஒத்தப்புள்ள, அவனுக்கோ ஏகப்பட்ட மக்க. இத உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிராத. சாலமோன் மகன் ரெகொபெயாம், சனம் பெருகட்டும்னு வச்ச பேரு. பட்டத்துக்கு வந்ததும் சொமையக் கொறைங்கன்னு சனம் கேட்டுச்சு. பெரியவுக கொறைன்னாக, கூட வளந்த எளவட்டங்க ஏத்துன்னாய்ங்க. எளவட்டங்க பேச்சக் கேட்டான். பன்னெண்டு கோத்திரத்துல பத்து பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பெரியவுக பேச்சக் கேக்கணும்னு நான் சொல்லல மாப்ள. வேதத்துல இருக்கு.

இஸ்ரேல்ல 1890ல குடியேறுனவுக ரெகோவோத்துன்னு ஒரு ஊரையே கட்டி ஆரஞ்சுத் தோப்புப் போட்டாக. வைஸ்மான் அறிவியல் நிறுவனம் இன்னைக்கு அங்கதான் இருக்கு. ஈசாக்கு கெணறு இருந்தது அங்க இல்ல. தெக்க, நெகேவ் பாலையில ருஹைபேங்கிற பாழூரு பக்கம்னு ஆராய்ச்சிக்காரவுக கை காட்டுறாக.

பேர வச்ச ஈசாக்கு அங்கயே குடியிருந்தானான்னா, அதுவுமில்ல. பெறகு பெயெர்செபாவுக்குப் போயிட்டான். அங்க அவனத் தேடி வந்தது யாரு? போகச் சொன்ன அதே அபிமெலேக்கு, தளபதி பிகோலையும் கூட்டிக்கிட்டு, சமாதானம் பேச. பகைச்சு அனுப்புனவுக இப்ப எதுக்கு வந்தீகன்னு ஈசாக்கு கேட்டான். கேக்காம இருக்க முடியுமா? கேட்டுட்டு விருந்து போட்டான். தின்னு குடிச்சு, விடிஞ்சதும் சத்தியம் பண்ணிக்கிட்டாக. அன்னைக்கே வேலைக்காரனுக வந்து, இன்னொரு கெணத்துல தண்ணி கண்டோம்னாய்ங்க.

பேரு உன் இஷ்டம். பொறப்புச் சர்ட்டிபிகேட்டுல ஒரு எழுத்து, ஆதார்ல ஒரு எழுத்துன்னு மாத்தி எழுதிராத. அந்தப் பய ஆயுசுக்கும் இ-சேவை மையத்துல நிப்பான். ஞானஸ்நானத்தன்னைக்குக் கெடா வெட்டுறியாமுல்ல? பங்காளி வீட்டுக்குப் பத்திரிகையக் கொண்டுபோயி நீயே குடு. வரமாட்டான்னு நெனைக்காத, கறின்னா வருவான், அவன எனக்குத் தெரியும். பந்தியில என் எலைக்குப் பக்கத்துல ஒக்கார வையி, கேசு விசயத்த நான் பேசிக்கிறேன். நல்லி எலும்பு மட்டும் ரெண்டு எலைக்கும் சமமா விழணும். அதுல தகராறு வந்தா நான் பொறுப்பில்ல.