ஓடிப்போக ஒரு குளிர்காலம்

ஐரோப்பாவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அக்டோபர் பிறந்து இலை பழுத்ததும் ஜெர்மனி, ஹாலந்துப் பக்கத்து ஓய்வூதியக்காரர்கள் வீட்டுச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த வேனில் ஏறித் தெற்கே புறப்பட்டுவிடுவார்கள். ஸ்பெயினின் அல்மேரியா கடற்கரையிலோ போர்ச்சுகலின் அல்கார்வேயிலோ போய் நின்றால், ஊர் திரும்ப மார்ச் ஆகிவிடும். அங்கே ஜனவரிப் பகலில் 16, 17 டிகிரி. அதற்கு வெயில் என்று பெயர் வைத்து, அரைக்கால் சட்டையோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரன் மலையில் ராத்திரி அந்த அளவுக்கு இறங்கினால் நம்மவர்கள் குல்லாய், கம்பளிச் சட்டை, காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் விடுதிப் போர்வையையும் சுற்றிக்கொண்டு அவித்த சோளம் தின்கிறார்கள்.

இந்த வேன்வாசிகளின் வீடியோக்களை என் மனைவி விடிய விடியப் பார்த்தாள். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பது அவளுக்கு ஒரு பாரம். கடைசியில் கேட்டேவிட்டாள்: "என்னங்க, நாமளும் அப்படிக் கிளம்பினா என்னா?"

நான் வாத்தியார். கேள்வி வந்தால் வரிசையாகப் பதில் சொல்வேன். முதலாவது, ஓடுவதற்கு ஒரு குளிர் வேண்டும். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. தீபாவளியானாலும் சீனப் புத்தாண்டானாலும் பகலில் 31 டிகிரிதான். இரண்டாவது, ஓடிப்போகத் தெற்கு என்று ஒன்று வேண்டும். பொந்தியான் பக்கத்துத் தஞ்சோங் பியாய்தான் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. அதற்கப்பால் வண்டியை விட்டால் நேரே கடல். மூன்றாவது, சிங்கப்பூர். 1924இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் வீடு கட்டிய வண்டிகளை அந்தத் தீவுக்குள் விடுவதில்லை. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே மாதக்கணக்கில் ஓட்டி வருகிற வெள்ளைக்காரர்கள்கூட வேனை ஜொகூரிலேயே நிறுத்திவிட்டு, பஸ் ஏறித்தான் அக்கரையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உலகமே வேன் ஓட்டி வந்து முடிகிற இடத்தில் நாம் குடியிருக்கிறோம். இனி எங்கே போவது?

"மழை இருக்கில்ல?" என்றாள்.

பதில் இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை ஜொகூரின் கிழக்குக் கரையைப் பிடித்து உலுக்கும். மெர்சிங்கில் தியோமான் தீவுக்குப் போகும் படகுகள் பாதி நாள் கட்டிக் கிடக்கும். கோத்தா திங்கிக்காரர்களிடம் 2006 டிசம்பரையும் 2007 ஜனவரியையும் பற்றிக் கேட்டால், ஒரே பருவத்தில் இரண்டு முறை வெள்ளம் வந்த கதையைச் சுவரில் கோடு காட்டிச் சொல்வார்கள். ஆக, குளிருக்குப் பதில் மழை. தெற்குக்குப் பதில் மேற்கு. ஸ்கூடாயில் தொடங்கிப் பொந்தியான், பத்து பகாட், மூவார் என்று போகும் 5ஆம் எண் கூட்டரசு சாலை எங்கள் பிரான்ஸும் ஸ்பெயினும் ஆயிற்று.

வேன் மச்சானுடையது. முன்பு மெர்சிங் மீன் ஏற்றிய வண்டி. அதில் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாங்கி, புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடித்திருந்தார். காகிதத்தில் அது கேம்பர் வேன். வெயில் ஏறினால் அதற்கு முற்பிறவி ஞாபகம் வந்துவிடும். எங்கே நிறுத்தினாலும் பூனைகள் கூடி, கதவைப் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருக்கும். டீசல் வண்டி வேறு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே ராத்திரியில் 3.35 வெள்ளிக்குத் தாவியது. மச்சான் அந்த வேனை மீன் வியாபாரத்திலிருந்து விலக்கி எங்களுக்குப் பெருந்தன்மையாகக் கொடுத்த காரணம், எண்ணெய் நிலையத்தில்தான் எனக்கு விளங்கியது.

ஐரோப்பியர் கொண்டுபோவது மடக்கு நாற்காலி, சைக்கிள், ஒரு தடித்த புத்தகம். எங்கள் வண்டியில் ஏறியவை: அரிசிப் பானை, இட்லிக் குண்டான், நெத்திலி, மிளகாய்த்தூள், மைலோ டின், முருகன் படம், முருகனுக்கு ஊதுவத்தி, ஊதுவத்திக்குக் காற்றுப் படாமல் மறைக்க ஒரு தகரம். அம்மிக்கல்லை மட்டும் நான் உறுதியாக மறுத்துவிட்டேன். பிறகு அது கட்டிலுக்கடியில் இருந்தது. நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்க, மழை தூறிய காலையில் கிளம்பினோம்.

ஸ்பெயினில் ஒரு சட்டம் உண்டு. வேனுக்குள்ளே படுத்துத் தூங்கினால் அது வெறும் வண்டி நிறுத்துவது. வெளியே ஒரு நாற்காலியைப் போட்டாலோ, பக்கத்துப் பந்தலை விரித்தாலோ அது முகாம் ஆகிவிடும். முகாமுக்கு அனுமதி இல்லாத இடமென்றால் அபராதம். வெளியே நாற்காலி போடுவதில் அப்படி என்ன ஆபத்து என்று நான் யோசித்ததுண்டு. பொந்தியானில் தெரிந்தது.

ஒட்டுக்கடை ஒன்றின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, நாற்காலியைப் போட்டு, தே தாரிக்கோடு கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். டம்ளர் பாதி காலியாவதற்குள் ஒருவர் வந்து நின்றார்.

"ஐயா எந்த ஊரு?"

"ஜேபி."

"அது இப்ப. பூர்வீகம் எந்தத் தோட்டம்?"

ஜொகூர்த் தமிழனிடம் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் இல்லை. லாயாங் லாயாங் பக்கம் என்றேன். எந்த டிவிஷன் என்றார். சொன்னேன். "மண்டோர் மகனா நீங்க?" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய கொழுந்தியாள் வாழ்க்கைப்பட்டது என் அத்தை புருஷனின் தம்பி வீட்டில். அடுத்த நொடி கைப்பேசி அவர் காதில் இருந்தது. "உங்க அண்ணன் மகன் ரோட்டோரத்துல வேன்ல குந்தியிருக்காரும்மா" என்று அவர் சொன்ன தொனியில், எனக்கு வீடு ஏலம் போன செய்தியும் சேர்ந்து போயிருக்க வேண்டும்.

பத்து பகாட்டில் அத்தை தாமான் முனைக்கே வந்து நின்றார். வயது எண்பதைத் தாண்டியும் குரலுக்கு வயதாகவில்லை. "வீடு இருக்கையில வண்டியில படுக்கிறதா? ஊரு என்னா நினைக்கும்?" வேன் போர்ட்டிகோவின் கீழ் போய் நின்றது. நாங்கள் உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்தோம். 2021 முதல் பிரிட்டிஷ்காரர்கள் ஸ்பெயின் பக்கத்தில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாதாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்ததன் பலன். அத்தை வீட்டில் சட்டம் தலைகீழ். வந்தவரை வெளியே விடுவதற்குத்தான் அனுமதி கிடைக்காது. மூவாரில் மனைவியின் சித்தப்பா, அதற்கப்பால் தங்காக்கில் என் மாணவன் ஒருவன், எல்லாருக்கும் அத்தையே தகவல் சொல்லி வைத்திருந்தார். 5ஆம் எண் சாலையில் வேனில் படுப்பதற்கு எங்களுக்கு ஓரிடமும் மிச்சமில்லை. தென் ஸ்பெயினில் ஜெர்மன்காரரால் தனியாக உட்கார முடிவதற்குக் காரணம், அங்கே அவருக்கு அத்தை கிடையாது.

சாயங்காலம் அத்தை வண்டியைப் பார்வையிட்டார். மூக்கை உறிஞ்சி, "கருவாடு வச்சிருக்கியா?" என்றார். இல்லையென்றதை நம்பவில்லை. கட்டிலை அழுத்திப் பார்த்தார்.

"கக்கூஸ் எங்க தம்பி?"

"முகாமுக்குப் போனா பொதுவா ஒண்ணு இருக்கும் அத்தை."

"தண்ணி?"

"அதுவும் பொதுக் குழாய்தான். பிடிச்சி வச்சிக்கணும்."

"ராத்திரி விளக்கு?"

"பேட்டரி இருக்கிற வரைக்கும்."

"வாடகை?"

"ஒரு ராத்திரிக்கு நாப்பது வெள்ளி."

அத்தை கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தோட்டத் துரை மடையன்டா. இதையே நமக்குச் சும்மா குடுத்துட்டானே!"

அவர் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் பிறந்த லயத்து வீட்டிலும் இதேதான்: ஓர் அறை, வெளியே பொதுக் குழாய், தள்ளிப் பொதுக் கழிவறை, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நின்றுவிடும் மின்சாரம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் போவார்கள். மழை பெய்தால் பால் வடியும் மங்கில் தண்ணீர் நிறையும், பால் வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளில் கூலியும் ஒழுங்காக வராது. தைப்பூசத்தை ஒட்டிய மாதங்களில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் சுருங்கும். பிரேசில் காட்டு மரம், 1877இல் 22 கன்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. இலை கொட்டும் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. ஜொகூரில் இலையுதிர்கால விடுமுறை எடுத்துக்கொண்டது அந்த மரம் ஒன்றுதான். அதை நம்பியிருந்தவர்கள் அந்த மாதங்களைக் கடைக் கடனில் ஓட்டினார்கள். இப்போது அந்த மரங்களும் போய், சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை.

எங்களை அந்த ஓர் அறையிலிருந்து வெளியேற்றத்தான் அப்பா முதுகு ஒடியப் பால் காண்டா தூக்கினார். அதே ஓர் அறைக்குச் சக்கரம் வைத்து நான் ஊர்ஊராக இழுத்துக்கொண்டு அலைவதை அவர் பார்த்திருந்தால் கேட்க அவருக்கு ஒரு கேள்விதான் இருந்திருக்கும். அதை அவர் தங்கை கேட்டுவிட்டார். பெரிய வீடு ஒன்று பின்னால் பூட்டிக் கிடந்தால்தான் சின்ன வீட்டில் வாழ்வது சுகம். அல்மேரியாக்காரருக்கும் இதே கணக்குத்தான்.

மறுநாள் காலை கண் விழித்தபோது வெளியே பேச்சுச் சத்தம். தாமானில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வேனுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பூனைகளும் வரிசையில் இருந்தன. என் மனைவி இட்லிக் குண்டானைத் திறந்து காட்டிக்கொண்டிருக்க, அத்தை கதவைப் பிடித்தபடி போவோர் வருவோரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தார்: "எங்க அண்ணன் மகன்மா. நல்லாப் படிச்சி, வாத்தியாராகி, பென்ஷன் வாங்கி, திரும்பவும் லயத்துக்கே வந்துட்டான். வாங்க, வந்து பாருங்க!"