பூட்டின் மகிமை

குமிழை விரலால் அழுத்திக் கார்க் கதவைப் பூட்டிய காட்டுமிராண்டிக் காலம் மலையேறிவிட்டது. உத்தர்பாராவில் 2014-இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றதும் கொல்கத்தா நாகரிகம் அடைந்தது. இப்போது எல்லாம் சென்ட்ரல் லாக்! பழுது பார்ப்பதும் எத்தனை சுலபம்! நான்கு கதவும் மௌனமானால் முதலில் ஃபியூஸைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அதற்குள் இருக்கும் குட்டி மோட்டார். இல்லையேல் கீலருகே ரப்பர் உறைக்குள் மடங்கி மடங்கி அறுந்த ஒயர். மோட்டாரைப் பார்க்கக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். பலகையைக் கழற்றக் கதவு திறக்க வேண்டும். என்ன அழகான தத்துவம்!

மல்லிக் பஜார் மெக்கானிக் என் காரின் திறக்காத கதவோடு மூன்று மணி நேரம் போராடிவிட்டு, "இவ்வளவு பத்திரமான வண்டியைப் பார்த்ததே இல்லை, தாதா" என்றார். பெருமையாக இருந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மஞ்சள் டாக்சியில் திரும்பினேன். 15 வயதானால் ஓடக்கூடாது என்று ஓரங்கட்டப்படும் அதே அம்பாசடர். ஓட்டுநர் கதவை ஓங்கி அறைந்தார். பூட்டிக்கொண்டது.